நானூற்றுப் பன்னிரண்டு பேர்

காட்டைப் பூட்டுவதற்கு முன் உள்ளே எத்தனை மனிதர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பதினான்கு வருடமாக அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுப்பது இந்த ஒரு காரியத்துக்குத்தான். அதையும் நான் செய்வதில்லை, மிஷின் செய்கிறது. மிஷின் சொல்வதை நான் மைக்கில் சொல்கிறேன். ஒரு கொய்யாப்பழம் கொடுத்தால் கிளிப்பிள்ளைகூட இந்த வேலையைப் பார்த்துவிடும்.

கருங்கானல் மலைப்பாதை இருபத்து மூன்று கிலோமீட்டர். கீழ்வாசலில் ஒரு சோதனைச்சாவடி, மேல்வாசலில் ஒன்று. இரண்டு இடத்திலும் சாலைக்கு மேலே ஒரு வளைவு நிற்கிறது. பார்த்தால் கல்யாண மண்டப நுழைவாயில் மாதிரி இருக்கும், வாழைமரம் மட்டும்தான் பாக்கி. அதன் அடியில் வண்டி போகும்போது உள்ளே எத்தனை இதயம் துடிக்கிறது என்று எண்ணிவிடும். கண்ணாடியை இறக்க வேண்டாம், முகம் காட்ட வேண்டாம், பெயர் சொல்ல வேண்டாம். எந்த வண்டியில் எத்தனை பேர் என்பதைக்கூட அது வைத்துக்கொள்ளாது, அந்தரங்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. மொத்தம் உள்ளே போனது இத்தனை, வெளியே வந்தது இத்தனை, அவ்வளவுதான் தெரியும்.

மாலை ஆறு மணிக்கு இரண்டும் ஒன்றாக இருந்தால் கதவு இறங்கும். சாலை விளக்குகளும் காட்டுக்குள் இருக்கும் செல்போன் டவர்களும் காலை ஆறு மணிவரை அணைந்துவிடும். ஒன்று குறைந்தால் எதுவும் அணையாது. இரண்டு ஜீப்பும் பன்னிரண்டு காவலர்களும் உள்ளே போவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மூன்று வருடத்தில் அப்படி நான்கு பேரை உயிரோடு தூக்கி வந்தோம். அதில் ஒருவன் குடித்துவிட்டு மூங்கில் புதரில் தூங்கிக்கொண்டிருந்தான், எழுப்பியதற்கு எங்களையே திட்டினான். ஆகவே மிஷினை நம்பினோம். நம்பியதில் தப்பில்லை என்றுதான் பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மிதுன்ராஜ் கோழிப்பண்ணைகளுக்குத் தடுப்பு மருந்து விற்பவர். வாரத்தில் இரண்டு நாள் மேலே போய்வருவார். வண்டியை நிறுத்தி என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போகமாட்டார். அந்த ஐப்பசி வியாழக்கிழமை காலையிலும் நிறுத்தினார். மகளுக்குக் காது குத்தப்போவதாகவும் மாமன் மடியில்தான் உட்காருவேன் என்று அவள் இப்போதே அடம் பிடிப்பதாகவும் சொல்லிச் சிரித்தார். அஞ்சே முக்காலுக்குத் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அஞ்சே முக்காலுக்கு வரவில்லை. மேலேயே தங்கிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி பஸ் கூட அன்றைக்குத் தாமதம். ஐந்து ஐம்பத்தெட்டுக்குத்தான் வந்தது. அத்தனை கண்ணாடியும் மூடியிருந்தது, உள்ளே பெண்கள் எல்லோரும் கைதட்டி உரக்க மாரியம்மன் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கோயிலுக்குப் போன கூட்டம் என்று விட்டுவிட்டேன். மிஷின் திரையைப் பார்த்தேன். உள்ளே நானூற்றுப் பன்னிரண்டு, வெளியே நானூற்றுப் பன்னிரண்டு. மைக்கில் சொன்னேன். கதவு இறங்கியது. அரை மணி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது.

காலை ஒன்பது மணிக்கு ரோந்து போனவர்கள் ஒன்பதாம் வளைவில் அவருடைய காரைப் பார்த்தார்கள். சாலையை விட்டு இறங்கி மண் தடத்தில், மூங்கிலுக்குப் பின்னால் நின்றிருந்தது. ஓட்டுநர் கதவு திறந்திருந்தது. உள்ளே மருந்துப் பெட்டியும் பின் சீட்டில் கடைப் பையோடு ஒரு புதுப் புடவையும் இருந்தன. ஆள் இல்லை. மழையில் தடயமும் இல்லை.

காவலர்கள் நான்கைந்து முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்குள் இன்ஸ்பெக்டர் என் சாவடிக்கு வந்து எண்ணிக்கையைக் கேட்டார். காட்டினேன்.

"அப்ப ஆள் உள்ள இல்லீங்களே" என்றார்.

"இல்லீங்க சார். வெளிய போயிட்டாரு."

அந்த நான்கு வார்த்தைதான். வயர்லெஸ்ஸில் சொன்னார், காவலர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். இல்லாத ஆளைத் தேட யாராவது புலிக்காட்டில் இறங்குவார்களா? காரை அங்கே விட்டுவிட்டு வேறு வண்டியில் ஏறிப் போயிருக்கிறார் என்று முடிவானது. பஸ்ஸில் வந்தவர்களையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். வழியில் யாராவது ஏறினார்களா? யாரும் ஏறவில்லை. ஏதாவது பார்த்தீர்களா? ஒன்றும் பார்க்கவில்லை. முப்பத்தெட்டுப் பேரும் ஒப்பித்த மாதிரி ஒரே பதிலைச் சொன்னார்கள் என்று இன்ஸ்பெக்டர் என்னிடம் சலித்துக்கொண்டார்.

மிச்சத்தை அந்தப் புடவை செய்தது. அவர் மனைவி தர்ஷினி புடவையே கட்டமாட்டாள், எப்போதும் சுடிதார்தான். அப்படியென்றால் புடவை யாருக்கு? ஊர் ஒரு வாரத்தில் பதில் கண்டுபிடித்துவிட்டது. மேலே ஒருத்தி இருக்கிறாள், அவளோடு மைசூர்ப் பக்கம் போய்விட்டான். நெருப்பில்லாமல் புகையுமா என்றார்கள். நெருப்பு இருந்ததை யாரும் பார்க்கவில்லை, ஆனால் ஊரெல்லாம் இருமிக்கொண்டிருந்தது.

தர்ஷினி ஒரு வருடம் வாரம் தவறாமல் சாவடிக்கு வந்தாள். நான்கு வயது மகள் நறுமுகையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள். ஒரே கேள்விதான் கேட்பாள்.

"சர்வேஷண்ணா, அன்னிக்கு வெளிய வந்தது எத்தனை பேருங்க?"

"நானூத்திப் பன்னண்டும்மா."

"உள்ள போனது?"

"அதே தானுங்க."

இரண்டாவது பதில் வந்ததும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள். அழுது நான் பார்த்ததில்லை. ஒரு வருடம் கழிந்ததும் வருவதை நிறுத்திக்கொண்டு, அவர் படங்களை எல்லாம் அடுப்பில் போட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். புடவையை வேலைக்காரிக்குக் கொடுத்துவிட்டாள். கட்டின பெண்டாட்டியை உயிரோடு விட்டுவிட்டுப் போனவனைவிடச் செத்துப்போனவன் மேல் என்று ஒருநாள் கடைத்தெருவில் என்னிடமே சொன்னாள். கைவிட்டுச் சென்றதாக விவாகரத்து வழக்குப் போட்டபோது சாட்சிக் கூண்டில் ஏறியவன் நான்தான். மிஷின் சொன்னதைச் சத்தியம் செய்து சொன்னேன்.

வழக்குக்கு அலைந்ததில் பழக்கம் வந்தது. எனக்கு அம்மா போய்விட்டாள், தனிக்கட்டை. நறுமுகையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது என்று ஆரம்பித்து, ஆறு வருடத்துக்கு முன் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம். அன்றைக்குத்தான் அவள் என்னை அண்ணா என்பதை நிறுத்தினாள். நறுமுகை அதற்கு முன்பே என்னை அப்பா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். எனக்குத் தகுதிக்கு மீறிய வாழ்க்கை என்று எனக்குத் தெரியும். இலவசமாக வந்த கறியில் எலும்பு இருக்கும் என்று தெரியவில்லை.

ஒன்றே ஒன்றுதான் எனக்கு உறுத்தும். எல்லாவற்றையும் எரித்தவள் தன் போன் நம்பரை மட்டும் மாற்றவில்லை. கேட்டால், பேங்க்கில் கொடுத்த நம்பர் என்பாள்.

போன மாதம் சௌமியா என்று ஒரு பெண் மேல்காட்டு ஊரிலிருந்து வந்தாள். கூடவே பத்து வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஒரு சிறுமி, இரட்டைச் சடை, பெயர் ஆதினி. காட்டு எல்லைக்குள் பிறந்த பிள்ளைகளுக்கு மலையடிவார விடுதிப் பள்ளியில் இடம் கொடுக்கிறார்கள். காட்டுக்குள் பிறந்ததற்குச் சாவடியிலிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்றாள்.

எங்கே பிறந்தது என்று கேட்டேன்.

"பஸ்ஸுலீங்க சார். பதினாலாம் வளைவுல. எட்டு மாசத்துக்கு மேல இருக்கறவங்கள கடைசி பஸ்ஸுல ஏத்தக்கூடாதல்லங்க. எங்கூட்டுக்காரரு கெஞ்சிக் கேட்டு டிரைவரண்ணன் ஏத்திக்கிட்டாருங்க. காட்டுக்குள்ள வண்டி நிக்கவும் கூடாது. நின்னது தெரிஞ்சா டிரைவரு, கண்டக்டரு ரெண்டு பேருக்கும் வேலை போயிருமுங்க. அதனால டிரைவரண்ணன் வண்டி முன்னாடி இருக்கற சாமி படத்துக்குக் கற்பூரம் கொளுத்தி, பஸ்ஸுல இருந்த எல்லாரையும் அதைக் கையால அணைச்சு சத்தியம் பண்ணச் சொன்னாருங்க. ஆருகிட்டயும் சொல்லமாட்டம்னு."

"கொழந்த அழுதிருக்குமே?"

"அதுக்குத்தானுங்க எல்லாரும் பாட்டுப் பாடுனாங்க."

எந்தத் தேதி என்று கேட்கவில்லை. அவளே ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து நீட்டினாள். பதினோரு வருடத்துக்கு முந்தைய அதே ஐப்பசி வியாழக்கிழமை. டிரைவர் அதற்கு முந்தின மாதம் தவறிவிட்டாராம், அவரோடு சத்தியமும் விட்டுப்போனது என்று ஊரில் பெரியவர்கள் சொன்னார்களாம். பதினோரு வருடம் முப்பத்தெட்டுப் பேர் ஒரு டிரைவரின் வேலைக்காக வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். போலீஸ் கேட்டபோதும் அவர்கள் பொய் சொல்லவில்லை. வழியில் யாரும் ஏறவில்லைதான்.

அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பிவிட்டு, மிஷினைப் பராமரிக்கும் கம்பெனிக்குப் போன் போட்டேன். ரித்விகா என்று ஒரு இன்ஜினீயர் பேசினாள். வயிற்றுப் பிள்ளையை மிஷின் எண்ணுமா என்று கேட்டேன்.

"எண்ணாது சார். கர்ப்பத்தைக் கண்டுபிடிக்கற எந்த மிஷினுக்கும் தனி லைசென்ஸ் வேணும், ஸ்கேன் சென்டர் மாதிரி. அந்தத் தொல்லையே வேண்டாம்னு, ஒரு உடம்புக்குள்ள ரெண்டாவது துடிப்பு கேட்டா விட்டுடற மாதிரி எழுதியிருக்கோம்."

"பொறந்துட்டா?"

"பொறந்துட்டா அது ஒரு ஆள் சார். அஞ்சு நிமிஷம் முன்ன பொறந்திருந்தாலும் ஆள்தான். எதுக்குக் கேக்கறீங்க?"

சும்மா, பொது அறிவுக்கு என்றேன்.

உள்ளே போகும்போது இல்லாத ஒரு துடிப்பு வெளியே வந்திருக்கிறது. உள்ளே போன ஒரு துடிப்பு வெளியே வரவில்லை. மொத்தம் சரியாக இருந்தது. ஒரு பெண் பிள்ளை பெற்றாள் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வெளியே வந்ததில் ஒன்று அதிகம், அப்படியானால் ஒரு ஆள் இன்னும் உள்ளே என்று அன்றைக்கு ராத்திரியே தெரிந்திருக்கும். ஜீப் போயிருக்கும். டவர் அணைந்திருக்காது.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? உன் புருஷன் உன்னை விட்டுப் போகவில்லை, நான்தான் விட்டுவிட்டேன் என்றா? நான்கு நாள் சாப்பாடு இறங்கவில்லை. வயிறு சரியில்லையா என்று கேட்டு தர்ஷினி சீரகம் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். ஐந்தாம் நாள் பகல் பத்து மணிக்கு, தண்ணீர்த் தொட்டி பார்க்கப் போவதாகச் சொல்லி ஜீப்பை எடுத்துக்கொண்டு ஒன்பதாம் வளைவுக்குப் போனேன்.

பதினோரு வருடத்தில் அந்தச் சரிவில் யாரும் இறங்கியதில்லை. மண் தடத்திலிருந்து இருநூறு அடிகூட இருக்காது. இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு ஆள் விழுகிற அளவுக்கு இடுக்கு. அதற்குள் என்ன இருந்தது என்று விவரிக்கப்போவதில்லை. பெல்ட் பக்கிளும் ஒரு ஷூவும் இருந்தன. கைக்கு எட்டுகிற பாறைப் பொந்தில், தடுப்பு மருந்து வைக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் பைக்குள் பத்திரமாக மூடி அவருடைய போன் இருந்தது. பின்பக்கம் நறுமுகை அப்போது ஒட்டிய கிளி ஸ்டிக்கர், பச்சை நிறம் இன்னும் போகவில்லை. மேலே நிமிர்ந்து பார்த்தால் கார் நின்ற இடம் தெரிந்தது. காலையில் காவலர்கள் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்ட இடம். அப்போது அவருக்கு உயிர் இருந்ததா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

அன்றைக்கு மத்தியானமே சௌமியா மகளோடு வந்துவிட்டாள். கடிதம் கொடுத்தால் தேதி போட வேண்டும். தேதி போட்டால் அந்த நாளின் எண்ணிக்கையை யாராவது ஒருநாள் எடுத்துப் பார்ப்பார்கள்.

"அப்படிப் பதிவு ஏதும் இல்லீங்களே அம்மணி. அன்னிக்கு எண்ணிக்கை சரியா இருக்குது" என்றேன்.

அவள் வாதாடவில்லை. அரசாங்கக் கட்டடத்தில் வாதாடிப் பழக்கமில்லாத முகம். அந்தச் சிறுமிதான் கேட்டாள். "அப்ப நான் எங்கீங்க சார் பொறந்தேன்?"

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். இதைச் செய்தவன் நான்தான், வேறு யாரோ அல்ல. பிள்ளைக்கு ஒரு மிட்டாய்கூடக் கொடுக்கத் தோன்றவில்லை.

ஆறு மணிக்குக் கதவு இறங்கி டவர் அணைந்த பிறகு போனை சார்ஜில் போட்டேன். உயிர் வந்தது. பூட்டு எடுத்துவிடப்பட்டிருந்தது. கண்டெடுக்கிறவனுக்குத் திறக்கட்டும் என்று அவர்தான் எடுத்துவிட்டிருக்க வேண்டும். தர்ஷினிக்கு நாற்பத்து மூன்று குரல் செய்திகள் பேசி வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கடிகாரம் சுற்றிக்கொண்டிருந்தது, டவர் கிடைத்ததும் போவதற்காக. விடியும் முன்பே பேட்டரி தீர்ந்திருக்கிறது.

முதல் செய்தியில், ஒற்றை யானை வழிமறித்ததும் காரை மண் தடத்தில் ஒதுக்கினதாகவும், அது காரை நோக்கித் திரும்பியதும் இறங்கி ஓடி விழுந்ததாகவும், கொஞ்ச நேரம் மயங்கிவிட்டதாகவும் சொன்னார். கால் உடைந்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னார். இரண்டாவதில் தண்ணீர் கேட்டார், இல்லாத ஆளிடம். மூன்றாவது இது.

"தர்ஷு, பின்சீட்டுல ஒரு சீலை வெச்சிருக்கேன். மழையில நனைஞ்சிரப்போகுது, எடுத்து வெச்சுக்கோ. பாப்பா காதுகுத்துக்கு ஒரு நாளாவது கட்டோணும் நீ. எனக்காகக் கட்டு."

நான்காவதைக் கேட்கத் தைரியமில்லை. போனை அணைத்தேன். அழிக்கலாம் என்று நினைத்தேன், விரல் போகவில்லை. ஓடையில் எறியலாம் என்று வழியில் வண்டியை நிறுத்தினேன், கை வரவில்லை. என் சாப்பாட்டுப் பையில், டிபன் பாக்ஸுக்கு அடியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தினமும் நான் வந்ததும் அந்தப் பையை வாங்கிப் பாத்திரம் கழுவப்போடுவது யார் என்று எனக்குத் தெரியாதா? மறந்துவிட்டேன் என்றுதான் சொல்வேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

ஏழரை மணி இருக்கும். குளித்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் தர்ஷினியின் போன் ஒருமுறை மணியடித்தது. பிறகு இன்னொரு முறை. பிறகு நிற்கவேயில்லை. இப்போதெல்லாம் எந்தப் பழைய போனும் ஆன் செய்ததும் எந்த டவரோடும் தானாக ஒட்டிக்கொள்கிறது, சிம் என்று ஒன்று இருந்ததையே நறுமுகை நம்பமாட்டாள். மணிச்சத்தத்தை எண்ணினேன். எண்ணுவதுதானே என் தொழில். நாற்பத்து மூன்று.

துண்டோடு வெளியே வந்தேன். தர்ஷினி தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் கிளி ஸ்டிக்கர் ஒட்டிய போன், இன்னொரு கையில் அவளுடையது. மேலாக இருந்தது கடைசிச் செய்தி, அதைத்தான் முதலில் தொட்டிருந்தாள். குரல் பாதி போயிருந்தது. பின்னால் மழை கேட்டது.

"தர்ஷு, விடியப்போகுது. பயப்படாத. கீழ்வாசல்ல சர்வேஷ்னு ஒருத்தரு இருக்காரு, நல்ல மனுஷன். உள்ள போனதையும் வெளிய வந்ததையும் பாத்தா ஒண்ணு கொறையுமல்ல. ராத்திரியெல்லாம் தேடிட்டுத்தான் இருப்பாங்க. மழையில நான் கூப்புடறது கேக்கலையாட்ட இருக்குது."

நறுமுகை கணக்கு நோட்டோடு வாசற்படியில் வந்து நின்றாள். "யாரும்மா அது?" என்று கேட்டாள். அவளுக்கு அந்தக் குரல் தெரியவில்லை.

தர்ஷினி நாற்பத்து மூன்றையும் முதலிலிருந்து வரிசையாகக் கேட்டாள். நாங்கள் இருவரும் நின்றுகொண்டிருந்தோம். சீலை பற்றிச் சொன்ன இடத்தில் மட்டும் ஒருமுறை நிறுத்தித் திரும்பக் கேட்டாள். எல்லாம் முடிந்த பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் என்னை அப்படிக் கூப்பிட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது.

"சர்வேஷண்ணா, அன்னிக்கு வெளிய வந்தது எத்தனை பேருங்க?"

"நானூத்திப் பன்னண்டும்மா" என்றேன். "அவரில்லாம."